வசன ஸ்டிக்கருக்குப் பின்னால் எரிந்த விளக்கு

அபிகாயில் அப்பா,

நான் பஸ்ல டூட்டிக்குப் போறேன். காத்து அடிக்காம காரை எடுக்காதீங்க. டயர்ல காத்து கம்மின்னு காட்டுற மஞ்ச விளக்கு எத்தனை நாளா எரிஞ்சிக்கினு இருந்துச்சோ, அதுமேலதான் சர்ச்சுல கொடுத்த வாக்குத்தத்த வசன ஸ்டிக்கரை ஒட்டி வச்சிருக்கீங்க. எந்த டயர்னு விளக்கு சொல்லாது. பார்வைக்கு நாலும் ஒரே மாதிரிதான் இருக்கு. காத்து அளக்குற கேஜ் வச்சுப் பார்த்தேன், இடது பக்கம் முன் டயர்லதான் கம்மி. சாக்பீஸ்ல கோடு போட்டிருக்கேன். பம்ப் டிக்கியில இருக்கு.

அபி வர்ற ரயில் மத்தியானம் ரேணிகுண்டாவுக்கு வருது. உப்புமா மூடி வச்சிருக்கேன், துன்னுட்டுப் போங்க.

ஸ்டிக்கரைக் கிழிக்கல. கொஞ்சம் தள்ளி ஒட்டியிருக்கேன்.

சௌந்தரி

இன்னொண்ணு. நேத்து திருப்பதியிலிருந்து வரப்போ வண்டி இடது பக்கம் இழுத்துச்சு. "உனக்கு ஸ்டியரிங்கே புடிக்கத் தெரியல"ன்னு வழி முழுக்கத் திட்டிக்கினு வந்தீங்க. நான் நேராத்தான் புடிச்சிக்கினு இருந்தேன்.