நான் போகாத அந்தமான்

18 ஜனவரி 2010, திங்கள். சிதம்பரம்

எல்.டி.சி. படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். குடும்பத்தோடு சுற்றுலா, செலவு இவர் ஆபீசுடையது. அந்தமான்! இருபது வருடமாக அங்குள்ள வெள்ளைக்காரன் காலத்துச் சிறையைப் பாடம் நடத்துகிறேன். ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டாமா? இவருக்குச் சிரிப்பு. "ஜெயிலுக்குப் போவ இவ்ளோ ஆசையா?"

3 பிப்ரவரி

பயணம் ரத்து. இவருக்கு ஐதராபாத்தில் பயிற்சியாம். எடுத்து வைத்த சேலைகளைத் திரும்ப பீரோவில் அடுக்கினேன்.

14 மார்ச், ஞாயிறு

கடலூரில் கல்யாணம். இவர் ஆபீஸ் சபாபதி, "அந்தமான் எப்பிடி இருந்துச்சு டீச்சர்? கப்பல் ஒத்துக்கிச்சா?" என்றார். இவர் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் இருந்த இவருடைய அக்கா, மங்கலம் அண்ணி, எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "அக்கா ஒண்டிக்கட்டை, ஒரு ஊரும் பாத்ததில்ல. அக்கா பேர்ல எல்.டி.சி. குடுக்க மாட்டாங்க. அதான் ஒம் பேர்ல..."

ஐதராபாத் பயிற்சியே பொய். கூடப்பிறந்தவளை 'மனைவி, ஞானாம்பாள், வயது 44' என்று சொல்லிக் கூட்டிப் போயிருக்கிறார். ச்சீ! வாய் கூசவில்லையா? கேட்டிருந்தால் நானே அனுப்பியிருப்பேனே. அதுதான் ஆறவில்லை. அண்ணி அண்ணின்னு அவுங்க பின்னாலயே சுத்துனேனே, ரெண்டு பேரும் சேந்துல்ல ஏமாத்தியிருக்காங்க...

15 மார்ச்

இவர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினேன்.

9 ஜூன்

ஆபீசுக்கு யாரோ மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார்கள். நாளை என்னையும் விசாரிப்பார்களாம். 'போகவில்லை' என்று நான் சொன்னால் இவர் வேலை போகும். அண்ணி கடலூரிலிருந்து ஓடி வந்தார். "ஞானம், நாந்தான் ஆசைப்பட்டுக் கேட்டேன். அவன் மேல தப்பில்ல."

தப்பில்லையாம்!

10 ஜூன்

அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். "என்ன பாத்தீங்க, சொல்லுங்கம்மா."

சொன்னேன். அந்தச் சிறை ஏழு கிளைகளாகக் கட்டியது, இப்போது நிற்பது மூன்று. ஒவ்வொரு கிளையின் கதவுகளும் அடுத்த கிளையின் முதுகைப் பார்த்திருக்கும். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்க முடியாது. எண்ணெய்ச் செக்கு, தூக்குமேடை... நிறுத்தாமல் சொன்னேன். எல்லாம் வகுப்பில் சொல்வதுதான்.

அவர் பேனாவை மூடினார். "நேர்ல பாக்காதவங்களால இப்பிடிச் சொல்ல முடியாது."

வெளியே இவர் காத்திருந்தார். அடுத்த தடவை கட்டாயம் என்னைக் கூட்டிப் போவாராம்.

"அதான் போயிட்டு வந்துட்டேனே" என்றேன்.

22 ஜூலை, வியாழன்

எட்டாம் வகுப்பில் அந்தமான் பாடம். இலக்கியா எழுந்தாள். "மிஸ், நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?" வருடா வருடம் யாராவது கேட்பதுதான். "இல்லம்மா, போவணும்" என்பேன். ஆனால் இவள் அப்பாவும் இவர் ஆபீசில்தான் வேலை பார்க்கிறார்.

"பாத்திருக்கேன்" என்றேன். வகுப்பே கைதட்டியது.