கேப்புல இருக்கேன்மா

5 அக்., ஞாயிறு

காலையிலிருந்து மழை. வாசலில் கணுக்கால் வரை தண்ணீர். தோட்டத்தில் எண்ணெய்க்குப் பொறுக்கும் உதிரிப்பழமெல்லாம் செம்பனை மரத்தடியில் ஊறிக் கிடக்கும். நாளை பொறுக்கினால் சாக்கு கனக்கும்.

ரீத்தா வந்தாள். பதினெட்டு வருடமாக என்னோடு பழம் பொறுக்குகிறவள். சர்ச் முடிந்து நேரே வந்திருக்கிறாள், வெள்ளைச் சட்டையில் சேறு. தீபாவளிக்கு என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டாள். பிள்ளையைப் பறிகொடுத்து ஒரு வருடம் ஆகவில்லை, எங்களுக்கு ஏது தீபாவளி என்றேன். பேச்சு தினேஷிடம் போய்விட்டது. எந்தப் பக்கம் ஆரம்பித்தாலும் அங்கேதான் போகிறது.

இன்றைக்கு அவளிடம் சொன்னேன். போன தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. மாலை நான்கு மணிக்கு நான்தான் அவனுக்குப் போன் அடித்தேன். "கேப்புல இருக்கேன்மா" என்றான். பேக்டரியில் இரண்டு ஷிப்டுக்கு நடுவில் விடுகிற கேப்பு என்று நினைத்துக்கொண்டேன். அதை அப்படித்தான் சொல்வான். விளக்கு வைக்கிற நேரம் போலீஸ் கூப்பிட்டது. மலைச் சாலையில் மோட்டார் சைக்கிளோடு விழுந்துவிட்டானாம். ஆள் இல்லை. பேக்டரியில் இருந்தவன் மலைக்கு எப்படிப் போனான்? கடைசியாக என் பிள்ளை என்னிடம் சொன்னது பொய். இந்தப் பதினொரு மாதமும் அதை நினைத்துத்தான் தூங்காமல் கிடக்கிறேன்.

ரீத்தா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அக்கா, கேப்புன்னா ஒரு இடம். பிரேசர் மலைக்கு ஏறுற வழியில, ரெண்டு மலைக்கு நடுவுல. எங்க அண்ணன் மவன் ஞாயித்துக்கிழமைனா மோட்டர் பசங்களோட அங்கதான் ஓடுவான். பேரே கேப்புதான்."

"இடமா?"

"இடம்தான்லா."

பொய் இல்லை. இருந்த இடத்தைத்தான் சொல்லியிருக்கிறான். நான் ஆறாவதோடு நின்றவள். எனக்குத் தெரிந்த கேப்பு ஒன்றுதான்.

சோறு குழைந்துவிட்டது. அவர், தினேஷ் அப்பா, ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிட்டு எழுந்தார்.

8 அக்., புதன்

வெயில். மூன்று மணிக்கு மழை. முட்டி வலி. தைலம் தீர்ந்துவிட்டது. வேலை வாங்குகிற மண்டோர் இன்று என்னை இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டானாம், என் காதில் விழவில்லை.

அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். 17ஆம் தேதி திதி. அதற்குள்.

அவரிடம் கேட்டேன். "அங்க போய் என்னடி பாக்கப் போற?" என்றார். "நான் வரல" என்று சொல்லிவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார்.

ரீத்தா வருகிறேன் என்கிறாள். கார் அவளுடையது.

அவளிடம் சொன்னது பாதிதான். மீதியை இந்த நோட்டில்கூட எழுதக் கை வரவில்லை.

11 அக்., சனி

நாளைக்கு:
தண்ணீர் 2 பாட்டில்
நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் (காலையில் வாங்கணும்)
உப்பு, அட்டைக்கு
குடை, துண்டு
தைலம் — வாங்கியாச்சு
போன் சார்ஜ்
போலீஸ் தாள்

தாள் அலமாரியில் அவன் சட்டைக்கு அடியில் இருந்தது. அவன் விழுந்தது எந்தக் கிலோமீட்டர் கல் என்று அவர் உறையின் மேலேயே எழுதி வைத்திருக்கிறார். அது போதும். உள்ளே இருப்பதை நான் ஒருநாளும் பிரித்ததில்லை. இன்றும் பிரிக்கவில்லை.

அவருக்கு மீன் குழம்பு வைத்தாயிற்று.

12 அக்., ஞாயிறு

விடியும் முன்பே புக்கிட் ரோத்தான் தாண்டியாயிற்று. மலையடிவாரத்தில், கோலகுபுபாருவில் தேத்தண்ணி. அணைக்கட்டைக் கடந்ததும் ஒரே வளைவு. ரீத்தா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். சாலை ஓரம் அகலமாக இருந்த ஓர் இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"இதுக்கு மேல நடதான்க்கா. இன்னொரு வளைவு வந்தா நான் கண்ண மூடிக்குவேன். அப்புறம் ரெண்டு பேரும் நேரா தினேஷுகிட்டதான் போகணும்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் சிரித்துவிட்டேன். எத்தனை மாதம் ஆயிற்று சிரித்து.

கேப்புக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும். மேடு. குளிர். பனிமூட்டத்தில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. மழைக்கு உதிர்ந்த இலை சாலை முழுக்க ஒட்டிக் கிடந்தது. மிதித்தால் வழுக்குகிறது. காலுக்கே வழுக்குகிறது. பத்துமலைப் படியையே நாலு இடத்தில் உட்கார்ந்து ஏறினவள் நான் என்று ரீ. கேலி செய்தாள். ஏழு இடம் உட்கார்ந்தேன். ஓர் அட்டை, ரீ. காலில். உப்பு போட்டோம்.

பாதி வழியில் அந்தக் கல். இரும்புத் தடுப்பில் ஒரு துண்டு மட்டும் புதிது, மற்றதெல்லாம் பாசி. வேறு ஒன்றும் இல்லை. ஏதாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். கை வைத்தேன். சில்லென்று ஈரம். ரீ. சிலுவை போட்டுக்கொண்டாள்.

அங்கிருந்து நடக்கும்போதுதான் மீதியைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாதது. அவரிடமும் சொல்லாதது. அன்றைக்குப் போனில், வீட்டுக்குச் சாயம் பூசணும், டின் வாங்கி வைத்திருக்கிறேன், வா என்றேன் தினேஷிடம். பையன்களோடு இருக்கிறேன், ராத்திரி வருகிறேன் என்றான்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா? அப்ப நீ வராத, அங்கயே கெடன்னு சொன்னேன். சொல்லிட்டு வெச்சிட்டேன்."

ரீ. என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். மேலே போகும் வரை அவள்தான் சுமந்தாள்.

கேப் என்பது அவ்வளவுதான். சாலை பிரிகிறது. ஒரு பலகை. பூட்டின பழைய கட்டடம் ஒன்று. இரண்டு பக்கமும் மலை, நடுவில் பனி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருக்கிறது. நாலைந்து மோட்டார் நிற்கிறது, பையன்கள் சிகரெட் பிடிக்கிறார்கள். எல்லாம் அவன் வயது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ரீ. தன் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பாருங்கக்கா. இங்க லைனே இல்ல. ஒரு கோடுகூட இல்ல. கேப்புல இருக்கேன்னு அவன் சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்கும், நீங்க கடைசியா சொன்னது அவனுக்குப் போயிருக்காது. கட்டாயிருக்கும்."

பார்த்தேன். கோடு இல்லை. ஏதோ இறங்கியது நெஞ்சுக்குள்ளிருந்து. பலகை அடியில் உட்கார்ந்து நாசி லெமாக் பிரித்தோம். முட்டை முழுதும் தின்றேன்.

பைக்குள் என் போன் அடித்தது.

அவர். "ஊறுகாய் எங்க வெச்ச?" பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி. பின்னால் கோழி கூவுவது வரை கேட்டது. அடுப்பு மேலே, இடது பக்கம் என்றேன். "எங்க இருக்க?" என்றார். கேப்புல இருக்கேன் என்று சொல்லிவிட்டேன். வாயில் வந்தது அதுதான்.

அடுப்பு மேலே டப்பா நகருகிற சத்தம் கேட்டது. பிறகு, "பாத்து வா" என்றார்.

ரீ. தலை நிமிரவில்லை. "ஏரோப்ளேன் மோடுல போட்டு வெச்சேன்க்கா. கார்லயே போட்டுட்டேன், லைன் இருக்கிறதப் பாத்துட்டு. நீங்க அந்த மீதியச் சொன்னதும் இதயே காட்டிக்கலாம்னு தோணுச்சு. திட்டிக்குங்க."

திட்டவில்லை. காரிலேயே ஏன் போட்டாள் என்று கேட்டேன். நான் சொல்லாமல் விட்டதை அவளாகவே யோசித்து வைத்திருந்தாளாம். கடைசியாக என்ன பேசினேன் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லையே, அதனால்.

இறங்கும்போது பெருமழை. குடை திரும்பிக்கொண்டது. இருவரும் தொப்பலாக. கல்லைக் கடக்கும்போது ரீ. என் கையைப் பிடித்துக்கொண்டாள். கார் வரை விடவில்லை.

அவன் காதில் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான் தெரிந்துகொண்டு வந்தேன்.

13 அக்., திங்கள்

வேலைக்குப் போகவில்லை. கால் தூக்க முடியவில்லை. வெயில் நன்றாக அடிக்கிறது.

பை முழுக்க ஈரம். போலீஸ் தாளும் நனைந்துவிட்டது. காய வைக்கப் பிரிக்கத்தான் வேண்டியிருந்தது. மேசையில் விரித்து, நான்கு மூலைக்கும் கரண்டி வைத்தேன். எல்லாம் மலாய். பெரிய பெரிய வார்த்தை, எனக்கு எட்டாது.

டாரி, கெ. இந்த இரண்டும் எந்தக் கூலிக்காரிக்கும் தெரியும். லோரிச் சீட்டில் பார்ப்பதுதான், எங்கிருந்து, எங்கே. பிரேசர் மலைப் பக்கமிருந்து, கோலகுபுபாரு பக்கம்.

ஏறவில்லை. இறங்கியிருக்கிறான்.

விழுந்த மணியும் போட்டிருக்கிறது. 4.25.

நான் பேசி வைத்தது நான்கு, நான்கு ஐந்து. கோயில் பூஜைக்குப் புறப்படும் முன் அடித்தது, நன்றாக ஞாபகம் இருக்கிறது. ராத்திரிதான் வருவேன் என்றவன். அந்தக் கல் வரை மோட்டாரில் எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிடம்கூட ஆகாது. ஹெல்மெட் மாட்ட, பையன்களிடம் சொல்லிக்கொள்ள.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு ஒரு வருடமாகத் தெரியும். நான் போனில் சொன்னது மட்டும் தெரியாது. அதையும் சொன்னேன்.

தாளில் அந்த மணி மேல் விரல் வைத்தார். பிறகு எழுந்து போய், கட்டிலுக்கு அடியிலிருந்து சாயம் டின்னை இழுத்துத் துடைத்து வைத்தார். திறக்கவில்லை.

வராதே என்றேன். கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறான், சாயம் பூச.