அண்ணன் நம்பிய ராகிக் கஞ்சி

அன்பு அண்ணா,

உனக்கு முதல் வருடப் படையல் போட்டோம். சிவாஜிநகரில் முண்டியடித்து வாங்கி வருவாயே, அந்தப் பிரியாணி படையல் இலையில் இல்லை. நடுவில் ஒரு சொம்பு ராகிக் கஞ்சியை வைத்தாள் அம்மா. "கடைசி வரிக்கும் எம்புள்ள இதத்தான குடிச்சான்" என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

சர்க்கரை என்று தெரிந்ததும் சோற்றை ஒரே நாளில் விட்டாய். பொம்மசந்திரா கம்பெனியில் உன்னோடு வேலை செய்தவர்கள் எல்லாரும் டாக்டர் ஆனார்கள். "ராகி துன்ற ஊர்ல சுகர் எங்கடா வரும்? சும்னே மாத்திரை எதுக்கு, தண்டத்துக்கு?" என்றார்கள். நைசாக அரைத்த மாவில் காய்ச்சி, காலையும் இரவும் சொம்பு சொம்பாகக் குடித்தாய். அந்தத் தைரியத்தில் மாத்திரையையும் நிறுத்தினாய். நான் கேட்டதற்கு, "அரிசியே தொடறதில்ல, அப்புறம் இன்னாடி?" என்று வாயை அடைத்தாய். கிட்னி போனபோது அந்தக் கூட்டத்தில் ஒருவனாவது ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தானா?

இப்போது அம்மாவுக்கும் சர்க்கரை. பிரேசர் டவுனில் ஒரு டயட்டீஷியனிடம் கூட்டிப் போனேன். எந்தச் சாப்பாடு எவ்வளவு வேகமாக ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் என்பதற்கு ஒரு அளவு இருக்கிறதாம், கிளைசெமிக் இண்டெக்ஸ் என்று பெயர்.

"ராகி கெட்டதில்லம்மா. நைசா மாவாக்கி, கஞ்சியா குடிச்சா சர்ருனு ஏறிடும். கொஞ்சம் சோறு, கூடவே பருப்பு, நெறைய பீன்ஸ் பல்யா, அதான் பொரியல், இது மெதுவா ஏறும். மாத்திரைய மட்டும் விடாதீங்க" என்றார் அந்தப் பெண்.

அப்படியானால் ஆசைப்பட்டதையெல்லாம் நீ விட்டது எதற்கு அண்ணா? நான் யாரைப் போய்த் திட்டுவது?

அம்மா கேட்கவில்லை. "எம்புள்ள எவ்ளோ கட்டுப்பாடா இருந்தான்! அவனவிட அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?" என்று அதே கஞ்சியைக் குடிக்கிறாள். மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள்.

நீ எல்லாம் சரியாகத்தான் செய்தாய், விதி கொண்டுபோய்விட்டது என்ற ஒரே ஆறுதலில்தான் அவள் நடமாடுகிறாள். அதைத்தான் நான் பிடுங்க வேண்டியிருக்கிறது. நாளைக் காலையில் அடுப்பை அணைத்துவிட்டு, "உன் புள்ளைய விதி கொல்லல. மாத்திரைய விட்டுட்டு இந்தக் கஞ்சிய நம்பித்தான் செத்தான்" என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அடித்தால் அடிக்கட்டும். அவள் சாகும்வரை என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, அந்தச் சாவு சீக்கிரம் வர விடமாட்டேன்.

உன் கோபக்காரத் தங்கை,
செல்வி