ஒன்றரை மணி பிந்திய கைக்கடிகாரம்

அண்ணே,

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உங்கள் மகள் என் குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு வந்து, உங்கள் கைக்கடிகாரத்தை என்னிடம் தந்துவிட்டுப் போனாள். எனக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்களாம். வாங்கும்போது கை கூசியது.

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நாம் இருவரும் உதவியாளர்கள். போரில் ஊர் ஜப்பான்காரர் கைக்குப் போனது; வெள்ளைக்காரப் பேராசிரியர்கள் சிறைக்குப் போக, ஜப்பானிய அதிகாரி வந்தார். சுவர்க்கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். சனிக்கிழமைச் சீட்டுதான் நம்மைக் கெடுத்தது. வாராவாரம் ஒவ்வொருவரும் பக்கத்து மேசைக்காரரிடம் கண்ட குறை ஒன்றை எழுதித் தர வேண்டும். வெற்றுச் சீட்டுக்கு அறை விழும். சிராங்கூன் சாலையில் ஒன்றாகத் தேநீர் குடித்த நாம், ஒருவர் உள்ளே வந்தால் மற்றவர் பேச்சை நிறுத்தும்படி ஆனோம்.

உங்களைப் பற்றி எழுத வேண்டியவன் நான். யாருக்கும் வலிக்காத குறையாகத் தேடினேன். "பழைய நேரத்துக்குத்தான் எனக்குப் பசிக்குது தம்பி" என்று நீங்கள் கைக்கடிகாரத்தை மாற்றாமலே வைத்திருந்தீர்கள். அது ஒன்றரை மணி பிந்தி ஓடுகிறது என்று எழுதினேன். பழைய துரைமார் இருந்திருந்தால் படித்துச் சிரித்திருப்பார்கள். ஆள் மாறினாலும் அளவுகோல் மாறாது என்று நினைத்த மடையன் நான். வெள்ளைக்காரனுக்கு நீங்கள் விசுவாசம் காட்டுவதாக முடிவுகட்டி, ஜப்பான்காரர்கள் அன்று மத்தியானமே உங்களை லாரியில் ஏற்றினார்கள்.

அடுத்த சனிக்கிழமை, வீங்கிய முகத்தோடு வந்து உட்கார்ந்தீர்கள். சீட்டு வந்தது. எழுதிக்கொடுத்தது நான்தான் என்று உங்களுக்குத் தெரியும். என் மகனின் காய்ச்சலுக்காக ஆய்வுக்கூட அலமாரியிலிருந்து கொயினா மாத்திரைகளை நான் எடுத்துப்போனதும் தெரியும். அதை எழுதினால் என் தலை போயிருக்கும். உங்கள் பென்சில் நின்று நின்று நகர்ந்தது.

மொழிபெயர்ப்பாளர் உங்கள் சீட்டை வாங்கி உரக்கப் படித்தார்: "இவர் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை."

திங்கட்கிழமை நீங்களே பொத்தானும் ஊசிநூலும் கொண்டுவந்தீர்கள். "தச்சுக்க தம்பி, இன்னிக்குப் பாப்பாங்க." நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டு அதை அடைத்துவிட்டீர்கள்.

போர் முடிந்து பழைய நேரம் திரும்பியது. பிற்பாடு நானும் மேற்பார்வையாளன் ஆனேன். நிர்வாகம் மாறும்போதெல்லாம், ஊழியர்களிடம் கண்ட குறைகளை எழுதச் சொல்லி ஒரு படிவம் வரும். இதை யார் படிக்கப்போகிறார்களோ என்று எண்ணிப் பலமுறை பேனாவை மூடியிருக்கிறேன்.

மன்னிப்பை மட்டும் இத்தனை வருஷமாகக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன், அண்ணே.

கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன், ஓடுகிறது. கையில் கட்ட இன்னும் தைரியம் வரவில்லை. சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டிருக்கிறேன்.