அப்பாவின் மூக்கு

அம்மாவுக்கு, தோவா வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? சைகோனில் நான் சுகம், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நேற்று வகுப்பில் ஒரு வேடிக்கை. நம் வியட்நாமிய மொழி படிக்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு 'வே' என்ற சொல்லைப் பாடம் நடத்தினேன். வீடு திரும்புவதைச் சொல்லும் அந்த ஒரே சொல்லுக்கு முன்னால் 'தா' போட்டால் வந்தாச்சு, 'சுவா' போட்டால் இன்னும் வரவில்லை, 'கோங்' போட்டால் வரமாட்டார். நாம் யோசித்தா பேசுகிறோம்? உடனே ஜப்பான்காரர் ஹிரோத்தா, "டீச்சர், உங்க அப்பா வீட்டுக்கு வந்துட்டாரா?" என்று என்னையே கேட்டுவிட்டார்.

அப்பாவின் படகு கடலுக்குப் போய் மூன்று வருடமாகிறது. நீ எல்லோரிடமும் சொல்வதுபோல "இன்னும் வரல" என்று சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. "டீச்சருக்கே பதில் தெரியல!" என்று வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

காய்ந்த கணவாய் கொஞ்சம் அனுப்பு. இங்கே கிடைப்பதில் நம் தீவு வாசனையே இல்லை.

கடலில் போய் உடல் கிடைக்காதவர்களுக்கு நம் தீவில் செய்வதுபோல, களிமண்ணில் அப்பாவின் உருவம் செய்து புதைத்துவிடலாம் என்று சித்தப்பா வரும்போதெல்லாம் நீ அவரை விரட்டுகிறாய். இந்த முறை விரட்டாதே, அம்மா. உருவத்துக்குப் போர்த்த அவருடைய பழுப்புச் சட்டையை எடுத்து வை. புத்தாண்டுக்கு வருகிறேன். நீ தனியாக அந்தக் குழியருகே நிற்க வேண்டாம்.

மணி அடிக்கிறது, முடிக்கிறேன். சித்தப்பா மண்ணைப் பிசையட்டும். எனக்கு அப்பாவின் மூக்கு என்று நீதானே சொல்வாய். மூக்கை மட்டும் நான் வந்து வைக்கிறேன்.

தோவா