ஹாலிடன் கப்பலின் மூன்று கோட்டு ஆணி

பிளிமத் துறைமுகம்
1782, மே மாதம்

அன்பு மகன் டிகரிக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை லவ்டே எழுதுவது. நானும் அம்மாவும் கர்த்தர் கிருபையால் எழுந்து நடமாடுகிறோம், நீயும் அந்த ஆண்டிகுவாத் தீவின் காய்ச்சலுக்குத் தப்பி நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். அம்மாவுக்கு இருமல் விட்டுவிட்டது. என் முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாளே சேதி சொல்லிவிடுகிறது. கயிற்றாலை பெத்தரிக் லவ்டேவைப் பெண் கேட்டு வந்தான், அவன் தொப்பியைப் பற்றி இவள் என்ன சொன்னாள் என்றால், இதை எழுதமாட்டேன் என்று பேனாவைக் கீழே வைக்கிறாள், சரி, விட்டுவிடுகிறேன்.

எழுத்தறியாத என் மகனுக்கு இதைப் படித்துச் சொல்கிற புண்ணியவானே, இனி வருவதை டிகரியை ஓரமாக அழைத்துப்போய்க் காதோடு படி. ராஜாவின் கப்பலைப் பற்றிப் பீதி கிளப்பினாய் என்று உன் முதுகுத்தோலை உரித்தால் நான் பொறுப்பல்ல. நீயும் அதே கப்பலில்தான் இருக்கிறாய் என்பதையும் நினைவில் வை.

மகனே, போன செவ்வாய்க்கிழமை டன்பார் கப்பலைப் பழுது பார்க்கத் தண்ணீர் வடித்த உலர்துறையில் ஏற்றினார்கள். அதற்கும் உன் ஹாலிடனுக்கும் ஒரே கோடையில்தான் அடிப்பக்கம் முழுக்கச் செப்புத்தகடு போர்த்தினார்கள், உனக்கே தெரியும். தகட்டை உரித்ததும் மேஸ்திரி கிட் பொலைத்தோ என்னைக் கூப்பிட்டார். "யோவ் ஜேபஸ், கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி தள்ளி நிக்காத, கிட்ட வந்து விரலை உள்ள விடு" என்றார். விட்டேன். ஆணி இருக்கவேண்டிய ஓட்டையில் என் விரல் இரண்டாம் கணு வரை போயிற்று. கட்டைவிரல் பருமன் இருந்த இரும்பு ஆணி எலிவால் மாதிரி கையோடு வந்துவிட்டது. "உப்புத்தண்ணியில செம்பும் இரும்பும் பக்கத்துல இருந்தா இரும்பைத் தின்னுட்டுத்தான் விடுது. நடுவுல தார்க்காகிதம் வெச்சாப் போதும்னாங்க, நாமளும் மாடு மாதிரி தலையாட்டினோம்" என்றார் கிட். வெளியே பார்த்தால் தகடு மணப்பெண் மாதிரி மின்னுகிறது, உள்ளே பலகையைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து எனக்கு உன் கப்பல் நினைப்புத்தான். வேறு கப்பலில் உனக்கு இடம் கிடைத்தபோது, "ஹாலிடனுக்குப் போடா, செம்பு போட்டவ, புழு அண்டாது, பாசி பிடிக்காது, பிரெஞ்சுக்காரன் அவ வாலைக்கூடத் தொடமுடியாது" என்று சொன்னவன் நான்தான். அம்மா அதற்கு என்னைத் திட்டினாலாவது பரவாயில்லை. அந்தக் கப்பல்தான் என் மூத்த தாரம் என்று முன்னெல்லாம் கேலி செய்வாள், இப்போது அதுவும் இல்லை.

ஐம்பத்தேழில் நாங்கள் ஹாலிடனைக் கட்டித் தண்ணீரில் இறக்கியபோது கொழுப்புத் தடவிய சரிவில் பாதியில் நின்றுவிட்டாள், அடுத்த கடல் ஏற்றத்துக்குத்தான் இறங்கினாள், ராசியில்லாதவள் என்றார்கள். நான் தச்சனாக அவளில் போன பெல் தீவுச் சண்டையில் இடதுபக்கம் இருபத்தேழு குண்டு வாங்கினாள், பதினொரு ஓட்டையை நானே அடைத்தேன். ஹவானாவில் காய்ச்சலில் தொண்ணூறு பேரைக் கடலில் விட்டோம். அப்போதும் கசிந்த தண்ணீரை இறைக்க ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பம்பு அடித்ததில்லை. பிறகு சமாதானம் வந்து பாய்மரம் கழற்றி எட்டு வருஷம் ஆற்றில் கிடந்தாள், அடித்தளத்தில் தொப்பியளவு காளான் முளைத்தது, காவல்காரன் பொரித்துத் தின்றான். எழுபத்தொன்றில் விலா எலும்பெல்லாம் புதிதாகப் போட்டார்கள், பின்பக்கத்து ஆணிகளை மட்டும் நல்லாத்தானே இருக்கு என்று விட்டுவிட்டார்கள். ஆக அவை என் காலத்து இரும்பு ஆணிகள்.

நீ செய்யவேண்டியது ஒன்றுதான். ரொட்டிக் கிடங்குக்குக் கீழே, கப்பலின் பின்முனைக் கம்பத்தை ஒட்டி, இடதுபக்கம் மூன்றாவது ஆணி நான் அடித்தது, உள்முனையில் உளியால் மூன்று கோடு வெட்டியிருப்பேன். சம்மட்டியால் தட்டு. கணீர் என்றால் ஆண்டவருக்குத் தோத்திரம். பொத்தென்றாலோ அசைந்தாலோ உன் தச்சுத் தலைவரிடம் மட்டும் சொல். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார். "ஆமாங்க ஐயா, ஆனா நீங்களும் ஒரு தடவை தட்டிப் பாருங்க" என்று சொல், எதிர்த்துப் பேசாதே. புயல் மாதத்தில் சரக்குக் கப்பல் கூட்டத்தோடு அட்லாண்டிக்கைத் தாண்டக் கிளம்புமுன் இது நடக்கவேண்டும். பம்பு எவ்வளவு நேரம் அடிக்கிறீர்கள் என்றும் மறக்காமல் சொல்லியனுப்பு.

அம்மா கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறாள், ஈரக்காலோடு படுக்காதே என்கிறாள். ஆண்டவர் உன்னைத் தம் உள்ளங்கையில் வைத்துக் கரை சேர்க்கட்டும். எனக்குக் கையெழுத்துத் தெரியாது, கீழே நான் போடும் குறியை நன்றாகப் பார்த்துக்கொள், ஆணியில் இருப்பதும் இதே மூன்று கோடுதான், நடுக்கோடு மட்டும் கட்டை. அன்று ஆணியில் நேராகத்தான் வெட்டினேன். இன்று காகிதத்தில் கோணலாக விழுந்திருந்தால், அது கிழவன் கையின் குற்றம், ஆணியின் குற்றமல்ல.

உன் அப்பா
ஜேபஸ் ட்ரெனரி, அவர் கைக்குறி