பட்டுக்குப் பதினெட்டாம் நம்பர் ஊசி

அன்பு மகள் ஜாஸ்மிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, என் மனசுக்குத்தான் சுகமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். நீயும் மருமகனும் குட்டி எட்சனும் நன்றாயிருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் நினைக்கிறோம். தினம் போனில் பேசுகிற அப்பா எதற்குக் காகிதத்தை எடுத்தார் என்று யோசிப்பாய். போனில் பேசும்போதெல்லாம் உன் அம்மா என் தோளை ஒட்டி நிற்கிறாளே மக்கா, எப்படிச் சொல்வேன்? பக்கத்து வீட்டு ஷிஜின் லீவு முடிந்து திங்கட்கிழமை துபாய்க்குக் கிளம்புகிறான், ஏத்தங்காய் சிப்ஸோடு இதையும் அவனிடம் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இங்கே ஓயாத மழை, ரப்பரில் பால்வெட்டு நின்று கிடக்கிறது. ரப்பர் ஷீட்டை மூடுகிற தார்ப்பாய் வேறு கிழிந்துபோனது. அம்மா மயிலாடியில் உன் சித்தி வீட்டுக்குப் போன அன்று, களியக்காவிளையில் பதினெட்டாம் நம்பர் தடி ஊசி வாங்கி வந்து அவளுடைய தையல் மெஷினில் மாட்டி அந்தத் தார்ப்பாயைத் தைத்தேன். உனக்குத்தான் தெரியுமே, அம்மா ஊசியின் நம்பரைப் படிக்கிறவள் இல்லை. எந்தத் துணிக்கான ஊசி மாட்டியிருக்கிறதோ அந்தத் துணியில் ஒரு துண்டை மெஷின் பாதத்துக்கு அடியில் வைத்துவிடுவாள். சாதாரணப் பருத்தித் துண்டு கிடந்தால் பதினாலு, ஜீன்ஸ் துண்டு என்றால் பதினாறு. எட்சனுடைய ஞானஸ்நானச் சட்டைக்காக உன் கல்யாணச் சேலையின் வெள்ளைப் பட்டுத் துண்டை வைத்து, பதினொன்றாம் நம்பர் மெல்லிய ஊசியை மாட்டியிருந்தாள். நான் வேலை முடிந்ததும் தடி ஊசியைக் கழற்ற மறந்தேன். ஆனால் மெஷினைத் தொட்டதற்கு அவள் வாயில் விழ வேண்டாமே என்று அந்தப் பட்டுத் துண்டை மட்டும் இருந்தபடியே வைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரன் பார்!

மறுநாள் அவள் துண்டை நம்பித் தைத்தாள். சட்டையின் நெஞ்சுப் பக்கம் முழுக்க ஓட்டை ஓட்டையாக விழுந்து இழை இழுத்துக்கொண்டது. தையலைப் பிரித்தாலும் பட்டில் விழுந்த ஓட்டை மூடுமா? கண் ஆபரேஷன் ஆனதிலிருந்தே அவளுக்கு ஒரு பயம். எனக்கு கண்ணும் போச்சு கையும் போச்சு, பிள்ளைக்க துணிய நாசமாக்கிப்போட்டேன் என்று அழுதாள். வயசானால் அப்படித்தான் என்று நான் ஆறுதல் வேறு சொன்னேன், பாவி. இனி மெஷினில் இருக்க மாட்டேன், குளோரி எடுத்துட்டுப் போட்டும் என்று சபையில் தையல் பழகுகிற அந்தப் பெண்ணிடமே சொல்லியும் விட்டாள். கொடுக்கும் முன் எண்ணெய் விடலாம் என்று திறந்தபோதுதான் அந்த ஊசியைப் பார்த்தேன். கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேனே தவிர வாய் திறக்கவில்லை. இரண்டு நாளாயிற்று. அவள் சும்மா உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீயே அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடு என்று கேட்கத்தான் இதைத் தொடங்கினேன். இப்போது பார்த்தால், குளோரி வருவது சனிக்கிழமை, ஷிஜின் கிளம்புவது திங்கட்கிழமை. உன் கைக்கு இது வரும்போது மெஷின் போயிருக்கும். பெற்ற பிள்ளையின் பின்னால் ஒளியப் பார்த்தேன் மக்கா, வெட்கமாக இருக்கிறது. முன்பெல்லாம் என் கடிதத்தின் அடியில் அம்மா நாலு வரி எழுதுவாளே, இதிலும் இடம் விட்டிருக்கிறேன். அந்த இடத்தில் ஊசியையும் குத்திவைத்து அவள் கையிலேயே கொடுக்கப் போகிறேன். வருவது வரட்டும்.

ஏசியை நேராகப் பிள்ளைமேல் படும்படி வைக்காதே. கிறிஸ்துமஸுக்கு வர டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு. ஆண்டவர் உங்கள் மூவரையும் கண்மணிபோலக் காப்பாராக.

அன்புள்ள அப்பா,
ஞானதாசன்

மக்கா ஜாஸ்மி, இந்தக் காயிதத்துல ரெண்டு ஓட்டை இருக்கும், அது ஊசி குத்தினது. ஊசிய நான் எடுத்துக்கிட்டேன். இந்த மனுசன் சாப்பிடாம கெடந்தத பாத்து என்ன சீக்கோன்னு பயந்துபோனேன், இன்னைக்கு வச்சு வாங்கிட்டேன். சேலையில முந்தானைப் பக்கம் நல்ல துணி மிச்சம் கெடக்கு. குளோரிட்ட வரண்டாம்னு சொல்லியாச்சு. பிள்ளைக்க அளவு இப்ப கூடியிருக்கும், எடுத்து அனுப்பு. எனக்க கைக்கு ஒண்ணும் ஆகல்ல மக்கா.

அம்மா